வேரைத் தொடும் கை

சென்ற ஆண்டின் பள்ளி விடுமுறையில் என் தங்கையின் பேத்தி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். பன்னிரண்டு வயதுச் சிறுமி. மனத்தில் பட்டதைக் கேட்டுவிடும் இயல்பினள். ஒருநாள் காலை வீட்டின் பின்புறத்தில் பழைய நாளேடுகளை விரித்து, அவற்றின்மேல் என் இச்சி மரத்தைக் கிடத்தி, அதன் வேர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். மரம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டா. ஒன்றரை அடி உயரம். சோற்றுத் தட்டைக் காட்டிலும் சற்றே பெரிய தொட்டியில் வாழ்வது. போன்சாய் என்று உலகம் அழைக்கும் குறுமரம். வெட்டுப்பட்ட வேரின் ஒவ்வொரு முனையிலும் வெண்மையான பால் துளிர்த்து நின்றது. நெடுநேரம் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இது பாவம் இல்லையா?" என்று கேட்டாள்.

"கைவேலை முடியட்டும் அம்மா, சொல்கிறேன்" என்றேன். வேலை முடிவதற்குள் அவள் தொலைக்காட்சியின் முன் போய் அமர்ந்துவிட்டாள். கேட்டவள் மறந்தாள்; என்னால் மறக்க இயலவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. முன்னொரு காலத்தில் அதற்கு நானே ஒரு விடை கண்டு, அவ்விடையின்படி நடந்தும் இருக்கிறேன். அதன் விலை ஒரு மரத்தின் உயிராயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர் வாழ்ந்தார். பேராக்கின் ஈயச் சுரங்கமொன்றில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். 1985இல் ஈயத்தின் விலை சரிந்து, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது வேலை இழந்தார். இயந்திரங்களைத் தொட்ட கை அதன்பின் மரங்களைத் தொட்டது. அவரிடம் நாற்பது தொட்டிகளுக்குக் குறையாமல் இருந்தன. என்னைச் 'சிக்கு' என்றே அழைப்பார். மலாய்மொழியில் ஆசிரியரை அழைக்கும் சொல் அது. அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சீனம் தெரியாது. எங்கள் நட்பு முழுவதும் வேலியோரத்தில், மலாய்மொழியில் வளர்ந்தது.

1994இல் அவர் ஜொகூரிலிருந்த மகள் வீட்டிற்குக் குடிபோக நேர்ந்தது. அடுக்குமாடி வீடு. நாற்பது தொட்டிகளுக்கு அங்கு ஏது இடம்? தெரிந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். எனக்கு இரண்டு வந்தன. ஒன்று இந்த இச்சி. அப்போதே அதற்கு இருபது வயது என்றார். மற்றொன்று, தோட்டக்காரர்கள் வாட்டர் ஜாஸ்மின் என்று அழைக்கும் மரம். வெண்ணிறச் சிறுபூக்கள் நீண்ட காம்புகளில் தலைகீழாகத் தொங்கும். மாலையில் முற்றம் முழுதும் மணக்கும். விடைபெறும்போது அவர் சொன்ன அறிவுரை மிகச் சிறியது. "சிக்கு, நீர் ஊற்ற மறக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேரை வெட்டுங்கள். அதைத்தான் மறப்பீர்கள்."

நான் மறக்கவில்லை. மறுத்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் கத்தரிக்கோலும் வாங்கி வந்தேன். மரத்தை வெளியில் எடுக்க மனம் வரவில்லை. ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்துக் காட்டிய உயிர் அல்லவா இது? முல்லைக்குத் தேரீந்த பாரியின் கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? வாடிய பயிரைக் கண்டு உள்ளம் நொந்த வள்ளலாரின் வழியை மேடையேறிப் பேசியவன், பூத்துக் குலுங்கும் மரத்தின் வேரை அறுப்பதா? தொட்டியில் அடைத்தது ஒரு கொடுமை. வேரையும் வெட்டுவது மற்றொரு கொடுமை. முதற்கொடுமையை யான் செய்யவில்லை, இரண்டாவதையேனும் செய்யாது விடுவேன் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எனக்கு இனிமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி வைத்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில் பூக்கள் குறைந்தன. ஐந்தாம் ஆண்டில் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. உரம் இட்டேன். நீரை இருமடங்காக்கினேன். ஊற்றிய நீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே தேங்கி, பின்னர்த் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடியது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளைகள் நுனியிலிருந்து கருகிவந்தன. ஒருநாள் அதைப் பிடுங்கினேன். தொட்டியின் வடிவத்தை அப்படியே வார்த்தெடுத்தது போன்ற ஒரு கட்டி கையோடு வந்தது. அதில் மண் என்று சொல்லத்தக்கது ஒரு பிடியும் இல்லை. வேரின்மேல் வேர், வேரைச் சுற்றி வேர். தொட்டியின் சுவரை உரசி உரசி வட்டமிட்டு, போக வழியின்றித் தன்னையே இறுக்கிக்கொண்டு கிடந்தது. நடுப்பகுதி கறுத்து அழுகியிருந்தது. அம்மரத்தை நான் பசியால் கொன்றேன். அருளின் பெயரால் கொன்றேன்.

அதன்பின்னர்தான் படிக்கத் தொடங்கினேன். காலம் கடந்த படிப்பு. ஆயினும் இச்சி மரத்திற்குப் பயன்பட்டது.

வேரைப் பற்றி நாம் எண்ணுவதற்கும் வேர் உண்மையில் வாழும் முறைக்கும் தொலைவு அதிகம். தடித்த வேர் மரத்தைத் தாங்கி நிற்கும், உணவைச் சேமித்து வைக்கும், நீரைக் கடத்தும். நீரையும் உப்புகளையும் மண்ணிலிருந்து உறிஞ்சும் வேலை பெரும்பாலும் நுனியை அடுத்த மெல்லிய வேர்களுக்கும் அவற்றின் தூவிகளுக்கும் உரியது. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேர்நுனி நாள்தோறும் புதிய மண்ணை நோக்கி நடக்கிறது. பழைய இடத்தில் தூவிகள் அழிய, புதிய இடத்தில் அவை பிறக்கின்றன. தொட்டிக்குள் அந்தப் பயணம் சுவரில் முட்டிச் சுற்றத் தொடங்குகிறது. மெல்லியன தடிக்கின்றன, தடித்தவை மண்ணின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மண்துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறுகிறது. மூச்சுவிடக் காற்றில்லாத வேர் நீருக்குள் நின்றும் நீர் அருந்தாது. அந்த நிலையில் தடித்த வேரை வெட்டினால், வெட்டிய இடத்தை அடுத்துப் பல மெல்லிய வேர்கள் கிளைக்கின்றன. நுனி இருக்கும் வரையில் அடங்கியிருந்த பக்கவேர்கள் நுனி போனதும் எழுகின்றன. குறுமரக் கலைஞன் வேரை வெட்டுவது மரத்தைக் குட்டையாக்கத்தான் என்று பலர் நம்புகின்றனர், நானும் நம்பினேன். பெரும்பாலும் கிளைகளைக் கத்தரிப்பதாலேயே மரம் குறுகி நிற்கிறது. வேரை வெட்டுவதன் முதன்மையான நோக்கம் அதற்கு மீண்டும் இளமையைத் தருவது.

செயலின் முறையை எழுதினால் சிலருக்குப் பயன்படும். ஜப்பானிலும் சீனத்தின் வடபகுதியிலும் பெரும்பாலான மரங்களுக்கு இளவேனிலின் தொடக்கம், மொட்டு விரிவதற்கு முன்னுள்ள சில வாரங்கள், இதற்கு உரிய காலம். நம் நாட்டில் அத்தகைய பருவம் இல்லை. மரம் முனைந்து தளிர்விடும் காலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் சற்று உலர்ந்திருக்கையில் மரத்தை எடுத்து, சீனர் உணவு உண்ணும் குச்சி ஒன்றினால் வேர்களை விளிம்பிலிருந்து உட்புறம் நோக்கி மெல்லக் கோதிப் பிரிக்க வேண்டும். பெண்கள் சிக்கெடுக்கும் பொறுமை வேண்டும். அழுகியவற்றையும், நேர்கீழே இறங்கும் தடித்த வேரையும் நீக்கி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பது பொதுவான வழக்கு. மரத்தின் வகையும் வலிமையும் அறிந்தே அளவு கொள்ள வேண்டும். இச்சியும் ஆலும் தாங்கும். ஊசியிலைப் பைன் அவ்வாறு தாங்காது; அதன் வேரோடு கூடி வாழும் வெண்ணிறப் பூஞ்சை அதற்கு உணவு ஊட்டும் தோழன். ஆதலின் பைனின் பழைய மண்ணில் ஒரு பகுதியை விட்டுவைப்பர். நீர் வடியும் துளைகளுக்கு வலை இட்டு, பருக்கை மண் நிரப்பி, மரம் அசையாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டி, வேர்களுக்கிடையே வெற்றிடம் இல்லாதவாறு குச்சியால் மண்ணைச் செலுத்துவர். ஜப்பானியர் காந்தோ வட்டாரத்தில் கிடைக்கும் அக்கதாமா என்னும் மணிமணியான களிமண்ணைப் பெரிதும் விரும்புவர். நான் சலித்த செங்கல் நொறுக்கையும் ஆற்றுமணற் பருக்கையையும் கொண்டு காலம் தள்ளுகிறேன். மரம் குறை சொன்னதில்லை.

இதுவரையில் சிக்கல் இல்லை. தொட்டியில் இருக்கும் மரத்தின் வேரை வெட்டுவது அதன் உயிருக்காக என்றால், அதைச் செய்யாதிருப்பதே பாவம் என்று சிறுமியிடம் துணிந்து கூறிவிடலாம். ஆனால் அதே கத்தரிக்கோல் அதே வேளையில் மற்றொரு வேலையையும் செய்கிறது. ஜப்பானியர் நெபாரி என்று ஒரு சொல் வைத்திருக்கின்றனர். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில், வெளியில் தெரியும்படி எல்லாப் பக்கமும் பரவிய வேர்களின் அமைப்பு அது. போன்சாயைக் காண வந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வேர்கள் நடுவிலிருந்து பிரிந்து ஓட வேண்டும்; ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடலாகாது; மேல்நோக்கி வளையலாகாது. இதற்காக இளங்கன்றின் அடியில் தட்டையான ஓட்டையோ பலகையையோ வைத்து, கீழிறங்கும் வேரைப் பக்கவாட்டில் திருப்புவர். சிலர் பாறையின்மேல் வேரைப் படரவிட்டு ஆண்டுக்குச் சிறிதாக மண்ணை நீக்கி, கல்லைத் தழுவிய கால்களைப் போல் வெளிப்படுத்துவர். அழகுதான். நான் மணிக்கணக்கில் நின்று பார்ப்பேன். ஆனால் அவ்வழகுக்காக வெட்டப்படும் குறுக்கு வேர் நோயுற்ற வேரன்று. அது நன்றாக உண்டு, நன்றாக ஊட்டிக்கொண்டிருந்த வேர். அது செய்த குற்றம் என் கண்ணுக்கு இடையூறாக இருந்தது ஒன்றே.

சிறுமியின் கேள்வி உண்மையில் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இதே இடத்தில் அவளுக்கு முன்னரும் சிலர் நின்றிருக்கின்றனர்.

14ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த யோஷிதா கென்கோ என்னும் துறவி, த்சுரேசுரேகுசா என்னும் தம் நூலில் ஹினோ சுகெதோமோ என்ற பிரபுவைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார். சுகெதோமோ மழைக்காகக் கியோத்தோவின் தோஜி கோயில் வாயிலில் ஒதுங்கினார். அங்கே கைகால் வளைந்து உருத்திரிந்த இரவலர் பலர் குழுமியிருந்தனர். முதலில் அவர்களை வியப்போடு நோக்கினார். சற்று நேரத்தில் வெறுப்புற்றார். இயல்பான வடிவமே சிறந்தது என்று எண்ணி வீடு திரும்பியவர், தாம் ஆசையோடு வளர்த்த வளைந்த தொட்டி மரங்களையெல்லாம் பிடுங்கி எறியச் செய்தார். போன்சாயை வெறுப்போர் இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவதுண்டு. எனக்கு இது உடன்பாடன்று. மழையில் நின்ற மனிதரைக் கண்டு அருவருத்த உள்ளத்திலிருந்து மரத்தின்மேல் எப்படி அருள் பிறக்கும்? மேலும், எறியப்பட்ட மரங்கள் என்னவாயின? அவற்றை வளைத்தவர் அவரே. வளைத்த கை, வளைவு பிடிக்காமற்போனதும் கழுவிக்கொண்டது. நான் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி வைத்ததற்கும் அவர் செயலுக்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதால்தான் அவர்மீது எனக்கு இத்தனை சினம் வருகிறதோ என்னவோ!

சீனத்து அறிஞர் கொங் ஸுஜென் செய்தது வேறு. போன்சாய்க்கு மூத்த கலை சீனத்தில் உண்டு. 706இல் கட்டப்பட்ட ஓர் இளவரசன் கல்லறையின் சுவரோவியத்திலேயே தட்டில் வைத்த சிறு மரத்தை ஏந்திச் செல்லும் பணியாளரைக் காணலாம். அத்தகைய நெடிய மரபை எதிர்த்து, 1839இல் கொங் ஒரு கட்டுரை எழுதினார். கற்றோர் சிலரின் சுவைக்காகப் பிளம் மரங்களின் நேர்கிளைகளை வெட்டி, கோணலாகக் கட்டி, வளர்ச்சியை முடக்கி விற்கின்றனர் என்று சாடினார். எழுதியதோடு நிற்கவில்லை. முந்நூறு தொட்டிகளை விலைக்கு வாங்கியதாகவும், அவற்றுள் ஒன்றுகூட நலமாக இல்லாததைக் கண்டு மூன்று நாள் அழுததாகவும், தொட்டிகளை உடைத்து மரங்களை நிலத்தில் நட்டு, கட்டுகளை அவிழ்த்து, ஐந்தாண்டில் அவற்றை நலமாக்குவதாக உறுதி பூண்டதாகவும் அதில் எழுதுகிறார். இவரை என்னால் ஒதுக்க முடியவில்லை. இவர் எறியவில்லை, ஐந்தாண்டைக் கொடுத்தார். விடுதலை தந்த கை, விடுதலைக்குப் பின்னும் நீர் ஊற்றியது.

அவரைப் படித்த ஆண்டில் என் இச்சியையும் மண்ணில் நட்டுவிட எண்ணினேன். கடப்பாரையோடு இடம் தேடினேன். எங்கள் வீடு வரிசை வீடு. முன்னே பத்தடி, பின்னே எட்டடி. பின்னால் நகராட்சியின் சாக்கடை. இச்சியின் வேர் எத்தகையது என்பதை அறிந்தவர் அறிவர். சுவரைப் பிளக்கும், சாக்கடைக் கல்லைத் தூக்கும். பத்தாண்டு உரிமையோடு வளர்ந்த பின்னர், ஒருநாள் வாள்கொண்டு வருவார்கள். முறையீடு எழுதிய பக்கத்து வீட்டாரைக் குறை கூறவும் முடியாது. கொங்கிடம் நிலம் இருந்தது. என்னிடம் இருந்தது எட்டடி. பாரி தேரை முல்லைக்கு விட்டு நடந்து போனான். அந்தக் கொடியை மழை காத்தது, மலை காத்தது. மறுநாள் அவன் வந்து பார்க்க வேண்டிய தேவையில்லை. தொட்டி மரத்திற்கு மழையும் மலையும் நாமே. யாரோ ஒருவர் என்றோ அதை நிலத்திலிருந்து பிரித்துவிட்டார். அச்செயல் நன்றா தீதா என்று வழக்காடிக்கொண்டிருக்கலாம். வழக்கு முடியும் வரையில் மரம் நீருக்குக் காத்திராது.

கொங் மரத்தை மட்டும் எண்ணி எழுதவில்லை என்பர். மன்னராட்சியில் அறிவாளரின் முதுகெலும்பு வளைக்கப்பட்டதையே அவர் பிளம் மரத்தில் கண்டார். அவ்வகையில் கொண்டால் அவர் கூற்றில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. இங்கே நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரத்திலிருந்து மனிதனுக்குத் தாவும் உவமைகள் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தவை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியை என் பணிக்காலத்தில் எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

1979இல் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். இடக்கைக்காரன். இடக்கையால் எழுதினால் அக்காலத்தில் அடி. அடித்தவர்களுள் நானும் ஒருவன். மரச் சட்டத்தால் விரல் மொழியில் தட்டுவேன். ஓராண்டில் வலக்கைக்கு மாறினான். கையெழுத்து அழகாகவில்லை, பிறர் இரண்டு பக்கம் எழுதும் நேரத்தில் ஒரு பக்கம் எழுதுவான். ஆயினும் திருத்திவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அவன் நன்மைக்காகச் செய்தேன் என்று உளமார நம்பினேன். பல ஆண்டுகள் கழித்து, நல்ல வேலையில் அமர்ந்து, திருமண அழைப்போடு வீடு தேடி வந்தான். உறையின்மேல் என் பெயர் எழுதப்படவில்லை. "எழுதித் தருகிறேன் சார்" என்று பேனாவை எடுத்து இடக்கையால் எழுதத் தொடங்கியவன், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்த மறுகணமே பேனாவை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான். முப்பதை நெருங்கிய ஆண்மகன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தேநீர் குடித்தான்; வணங்கினான்; சென்றான்.

அந்த இடக்கை எவருக்கும் இடையூறு செய்யவில்லை. அதனால் அவன் உடல் நலியவில்லை, படிப்புக் கெடவில்லை. வகுப்பில் நாற்பது தலைகளும் நாற்பது முழங்கைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் காட்சியில் அவன் முழங்கை குறுக்கிட்டது. என் கண்ணுக்காக நான் வெட்டிய வேர் அது. 'உன் நன்மைக்காக' என்று சொல்லி வெட்டினேன் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மரத்திடமாவது நான் அப்படிப் பொய் சொல்வதில்லை.

ஆகவே இப்போது ஒவ்வொரு வேரையும் குச்சியால் தூக்கிப் பார்க்கையில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது யாருக்காக? அழுகியதா, மற்றவற்றை இறுக்குகிறதா, மண்ணின் இடத்தை அடைக்கிறதா? அப்படியாயின் மரத்திற்காக, தயங்காமல் வெட்டலாம். அழகாக இல்லையா? அப்படியாயின் எனக்காக. எனக்காக என்று தெரிந்த பின்னரும் சிலவற்றை வெட்டுகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை. மரத்திற்கு நோவுண்டா என்று கேட்டால், விலங்குகளுக்குள்ளது போன்ற நரம்பும் மூளையும் அதற்கில்லை. அதனால் மனிதனுக்குச் செய்யக்கூடாத சிலவற்றை மரத்திற்குச் செய்யலாம் என்றே கொள்கிறேன். ஆனால் எனக்காக வெட்டும்போது மெல்லச் செய்கிறேன். சில மரங்களில் ஒரு பக்கத்து வேர் அப்பக்கத்துக் கிளைக்கே பெரிதும் உணவு கொண்டுபோகும். வேரை ஒரே வெட்டில் நீக்கினால் கிளை காய்ந்துவிடும். ஆதலின் குறுக்கு வேரை ஒருமுறை பாதியளவு குறைத்து, அதற்கு அருகில் புதுவேர் பிடிக்கும் வரையில் காத்திருந்து, அடுத்த முறை மீதியை எடுக்கலாம். இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. என் ஆசைக்காக மரம் அவசரப்பட வேண்டிய கட்டாயம் இல்லை.

வெட்டியபின் செய்வதும் இதே கணக்கில் சேரும். மரத்தை வெயிலிலும் காற்றிலும் வைக்காமல் நிழலில் வைக்க வேண்டும். சில வாரங்களுக்கு உரம் இடக்கூடாது. உறிஞ்ச வேர் இல்லாதபோது உரம் சுமையே. வேர் குறைந்ததற்கு ஏற்ப இலையையும் குறைக்க வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருப்பது. தாங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த லியூ சோங்யுவான் (773–819) குவோ என்னும் கூன் முதுகுத் தோட்டக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊரார் அவருக்கு ஒட்டகம் என்று பட்டப்பெயர் இட்டனர். பொருத்தமான பெயர்தான் என்று அவரும் அதை ஏற்றுக்கொண்டாராம். அவர் நட்ட மரம் எதுவும் பட்டுப்போனதில்லை. மந்திரம் என்ன என்று கேட்டவர்களுக்கு, மரத்தின் இயல்பை ஒட்டி நடப்பதன்றி வேறொன்றும் தமக்குத் தெரியாது என்றார். வேர் விரிந்து கிடக்க வேண்டும், பழைய மண் உடன் வர வேண்டும், மண்ணை இறுக அணைக்க வேண்டும். பின்னர்த் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மற்றவர்களோ காலையில் பார்க்கிறார்கள், மாலையில் தடவுகிறார்கள், உயிர் இருக்கிறதா என்று பட்டையை நகத்தால் கீறுகிறார்கள், மண் பிடித்ததா என்று அடிமரத்தை ஆட்டுகிறார்கள்! லியூ அதை அதிகாரிகளுக்குப் பாடமாக எழுதினார். பட்டையைக் கீறிப் பார்க்கும் பழக்கத்தை நானும் அரும்பாடுபட்டே விட்டேன். வெட்டும் நாளில் துணிவும் வெட்டிய பின்னர் அடக்கமும் ஒருவனிடமே வேண்டும் என்பது கடினமான ஏற்பாடு.

என் தந்தையாருக்கு இரண்டும் இருந்தன. அவர் ரப்பர்த் தோட்டத்தின் நாற்றங்காலில் வேலை செய்தவர். ஒட்டுக் கட்டிய பால்மரக் கன்றைப் பிடுங்கி, ஆணிவேரை அளவாக நறுக்கி, பக்கவேர்களைக் குறுக்கி, கட்டுக்கட்டாக நடவுக்கு அனுப்புவார்கள். சிறுவயதில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நறுக்கிய இடத்தில் பால் வடியும். என் தந்தையார் அதை ஒருநாளும் பாவம் என்றோ கலை என்றோ சொன்னதில்லை. நட்ட குழியில் கன்று பிடித்ததா என்று பார்த்து, பிடிக்காததற்கு மாற்றுக் கன்று வைப்பார். இச்சியின் வேரில் பால் கசியும்போதெல்லாம் அவருடைய பிசுபிசுத்த விரல்கள் என் நினைவுக்கு வருகின்றன.

வாஷிங்டன் நகரத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் குறுமரமாக வளர்க்கப்படுவது. ஹிரோஷிமாவில் யமாகி என்னும் குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது அவர்கள் வீடு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சுவரின் மறைவில் நின்ற மரம் பிழைத்தது. 1976இல், அமெரிக்கா தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பானியர் வழங்கிய ஐம்பத்து மூன்று மரங்களுள் ஒன்றாக அது அந்நாட்டிற்கே சென்றது. குண்டு போட்ட நாட்டிற்கு, குண்டில் பிழைத்த மரம். அதன் வரலாற்றை அங்கு விளம்பரப்படுத்தவும் இல்லை. 2001இல் யமாகியின் பேரர்கள் அதைக் காணச் சென்ற பிறகே செய்தி பரவியது. இக்கதையில் எல்லாரும் குண்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வேரைப் பற்றி எண்ணுகிறேன். ஐந்தாண்டிற்கு ஒருமுறை என்று கொண்டாலும், இந்நானூறு ஆண்டுகளில் எண்பது முறை யாரோ ஒருவர் அம்மரத்தை வெளியில் எடுத்து, குச்சியால் கோதி, வெட்டி, மீண்டும் இருத்தியிருக்க வேண்டும். அவர்களுள் பலர் மரம் முழு அழகு பெறுவதற்கு முன்னரே மறைந்திருப்பர். போர் முடிந்து, ஊர் சாம்பலாகி, உணவுக்கே வழியற்றிருந்த காலத்திலும் யாரோ நீர் ஊற்றியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், என்னைப் போல் ஆறாண்டுகள் இரக்கப்பட்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

சீனப் பெரியவர் ஜொகூரிலேயே காலமானார். அவர் மகள் ஒருமுறை தொலைபேசியில் மரங்களைப் பற்றிக் கேட்டார். இச்சி நலமாக இருப்பதைச் சொன்னேன். மற்றொன்றைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "அப்பாவும் முதலில் பல மரங்களைக் கொன்றார், சிக்கு" என்றார்.

விடுமுறை முடிவதற்கு முதல்நாள் தங்கை பேத்தி நிழலில் இருந்த மரத்தின் அருகில் வந்து குனிந்து பார்த்தாள். அடிமரத்தின் இடப்புறம் ஒரு தடித்த வேர் மற்றொன்றின்மேல் ஏறிக் கிடந்தது. "இதை மட்டும் ஏன் தாத்தா பாதியோடு விட்டீர்கள்?" என்றாள். அதன் நேர்மேலே இருந்த கிளையைக் காட்டினேன். மீதியை எப்போது வெட்டுவீர்கள் என்றாள். இரண்டு ஆண்டு கழித்து என்றேன். அவள் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். பால்மாவுத் தகரத்தில் வெட்டிய சிறு துண்டொன்றில், அன்றைய தேதியையும், 'இடப்பக்கத்துக் குறுக்கு வேர், பாதி. மேல் கிளையைப் பார்த்த பின்னரே மீதி' என்பதையும் ஆணியால் கீறி, தொட்டியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன்.